லக்ரோஸ் போட்டிக்கு ஆயத்தமாவதும் எதிரணியை ஆராய்வதும்

பள்ளி அளவிலான ஆண்கள் லக்ரோஸ் அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: எதிரணியின் ஆட்டப் பதிவுகள் கைக்கு வந்துவிடுகின்றன, ஆனால் அவற்றில் எதைத் தேடுவது, கண்டதில் எவ்வளவை வீரர்களிடம் சொல்வது, போட்டிக்கு முந்தைய வாரத்தை எப்படிப் பங்கிடுவது? மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், நடுவில் இருக்கும் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் மற்ற இரண்டும் ஒழுங்குக்கு வந்துவிடும் என்பதே என் கருத்து. பயிற்சியாளர் எவ்வளவு கண்டுபிடித்தார் என்பதில் ஆய்வின் பயன் இல்லை. பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும் பதினாறு வயது வீரனுக்கு அதில் எது சட்டென்று நினைவுக்கு வந்து அவனுடைய அடுத்த அடியை மாற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஆகவே, களத்தில் ஒரு வீரர் எடுக்கவேண்டிய முடிவாக மாற்ற முடியாத எந்தத் தகவலையும், அது எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வலை பொருத்திய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் அடிக்கும் லக்ரோஸ், பார்ப்பதற்குக் கட்டுக்கடங்காத ஓட்டமாகத் தெரிந்தாலும், அதன் விதிகள் எதிரணியின் தேர்வுகளைப் பெரிதும் குறுக்கிவிடுகின்றன. ஆய்வு சாத்தியமாவதற்கே அதுதான் காரணம். ஓர் அணிக்குப் பத்துப் பேர்; அவர்களில் கோல்காப்பாளர் உட்பட நால்வர் எப்போதும் தங்கள் தற்காப்புப் பாதியிலும், மூவர் எதிர்ப் பாதியிலும் இருந்தாக வேண்டும். எனவே, பந்து ஒரு பக்கம் நிலைகொண்டுவிட்டால் அங்கே நடப்பது ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர் ஆடும் ஆட்டம்தான். கோல்காப்பாளரைத் தவிர்த்து நால்வர் மட்டுமே 52 முதல் 72 அங்குலம் வரையிலான நீளமட்டையை வைத்துக்கொள்ளலாம் என்பதால், தற்காக்கும் அறுவரில் குறைந்தது இருவர் 40 முதல் 42 அங்குலம் வரையிலான குட்டைமட்டையுடன்தான் நிற்பார்கள். அந்த இருவர் யார், அவர்களை எதிரணி எங்கே மறைத்து வைக்கிறது, நம்முடைய இருவரை எதிரணி எப்படித் தேடிப் பிடிக்கிறது என்ற கேள்விகளிலேயே ஒரு போட்டியின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

பதிவுகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, அதே பருவத்தில் தாங்கள் சந்திக்கவிருக்கும் அணியின் ஆட்டத்தை வெளியூர் சென்று நேரில் பார்த்து ஆராய்வதைப் பொதுவாகத் தடை செய்திருக்கிறது. அதனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் காணொளியை நம்பியே வேலை செய்கிறார்கள். பள்ளி, கிளப் மட்டங்களில் நேரில் செல்வதற்குப் பெரும்பாலும் தடை இருப்பதில்லை. ஹட்ல் போன்ற தளங்கள் வழியாகப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. உங்கள் மாநிலத்தின், உங்கள் லீகின் விதியை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, இரண்டையும் செய்யுங்கள். காணொளியில் கேமரா பந்தைத் துரத்துகிறது. பந்தில்லாத பக்கத்தில் நடப்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. நேரில் போகிறவர் உயரமான இருக்கையில் அமர்ந்து, பந்தை அறவே பார்க்காமல் மற்ற ஐந்து தற்காப்பாளர்களைப் பார்க்க முடியும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் கோல்காப்பாளருக்குச் சூடேற்றும் பந்துகளை வீசும்போது எந்த உயரத்தில் அவர் தடுமாறுகிறார் என்பதும், எந்த வீரர் இரு கையாலும் பந்தெறிந்து பழகுகிறார் என்பதும் அந்த நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

எந்த ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். அண்மைக் கால ஆட்டங்கள் மூன்று போதும். அவற்றில் ஒன்றாவது உங்களைப் போலவே ஆடும் அணிக்கு எதிரானதாகவும், ஒன்றாவது எதிரணி தோற்றதாகவும் இருக்கட்டும். எளிதாக வென்ற ஆட்டத்தில் எதிரணி தன் உண்மையான பழக்கங்களைக் காட்டுவதில்லை. இறுக்கமான ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில்தான் ஒரு பயிற்சியாளர் யாரை நம்புகிறார், எந்த அமைப்புக்குத் திரும்புகிறார் என்பது தெரியும். முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஃபேஸ்-ஆஃப் (நடுப்புள்ளியில் வைத்த பந்துக்கு அணிக்கு ஒருவர் போட்டியிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), நிலைகொண்ட தாக்குதல், தற்காப்பு, பந்தை மேலேற்றுதல் (தன் பாதியிலிருந்து எதிர்ப் பாதிக்குக் கொண்டுபோவது), ஆள்மிகை ஆட்டம் என்று பகுதி பகுதியாக வெட்டிப் பாருங்கள். ஒரே ஆட்டத்தை ஒவ்வொரு பகுதிக்காகவும் தனித்தனியாகப் பார்ப்பது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒரு பழக்கத்தைப் பழக்கம் என்று உறுதிசெய்ய அதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு முறை நடந்ததை வைத்து அறிக்கை எழுதுவது வீரர்களைத் தவறான பக்கத்துக்கு அனுப்பிவிடும்.

ஃபேஸ்-ஆஃபில் தொடங்குவது என் வழக்கம். ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும், அநேகமாக ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் அது நடப்பதால், அதில் மேலோங்கும் அணி கோல் அடித்த கையோடு பந்தையும் திரும்பப் பெற்றுவிடுகிறது. வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நடுப்புள்ளியில் குனிந்து நிற்கும் இருவரோடு, இருபது கெஜம் தள்ளி இரு ஓரங்களிலும் அணிக்கு இருவராக நிற்கும் ஓர வீரர்களும் விசில் ஊதியதும் பாய்ந்து வருகிறார்கள். மற்றவர்கள் ஓர் அணிக்குப் பந்து வசமாகும்வரை கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அதாவது, இது உண்மையில் மூவருக்கு எதிராக மூவர் ஆடும் ஒரு சிறு ஆட்டம். ஆகவே, பந்தை முதலில் அமுக்கிப் பிடித்தவர் யார், கடைசியில் பந்தை வசப்படுத்தியவர் யார் என்ற இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையில் தோற்று இரண்டாவதில் வெல்லும் அணியின் பலம் அதன் ஓர வீரர்களிடம் இருக்கிறது. அந்த அணியின் நடுப்புள்ளி வீரரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

அமுக்கிப் பிடித்த பின் அவர் பந்தை எந்தப் பக்கம் வெளியே எடுக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. முன்னோக்கித் தானே அள்ளிக்கொண்டு கோலை நோக்கி ஓடி நால்வருக்கு மூவர் என்ற வேகத் தாக்குதலை உண்டாக்குகிறாரா, தன் கால்களுக்கு இடையில் பின்னோக்கி இழுத்து நீளமட்டை வீரரிடம் கொடுக்கிறாரா, இடது ஓரத்துக்குத் தட்டிவிடுகிறாரா? பெரும்பாலான பள்ளி வீரர்களுக்கு நெருக்கடியில் நம்பும் வெளியேற்றம் ஒன்றுதான் இருக்கும். உங்களுடையவர் வலுக்குறைந்தவர் என்றால், வெல்வதற்கு முயல்வதைவிட எப்படித் தோற்பது என்று தேர்ந்துகொள்வது மேல்: அந்த வெளியேற்றப் பக்கத்தில் வேகமான நீளமட்டை வீரரை நிறுத்தி, எதிராளி பந்தைப் பின்னோக்கியே எடுக்கும்படி செய்துவிட்டால், ஃபேஸ்-ஆஃபை இழந்தாலும் வேகத் தாக்குதலை இழக்க மாட்டீர்கள். 2015-இல் டென்வர் பல்கலைக்கழகம் மேரிலேண்டை 10-5 என்று வென்று தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றபோது, முதலாண்டு மாணவரான ட்ரெவர் பாப்டிஸ்ட் நடுப்புள்ளியில் தொடர்ந்து பெற்றுத்தந்த பந்துகள் அந்த அணியின் நிதானமான தாக்குதலுக்கு அடித்தளமாக இருந்தன. மற்றொன்றையும் நினைவில் வையுங்கள்: கல்லூரி ஆட்டத்தில் 2021 பருவம் முதல் முழங்கால் ஊன்றி நிற்பதும் பழைய கைப்பிடியும் விலக்கப்பட்டு, நின்றபடி நடுநிலைப் பிடியோடு தொடங்கவேண்டும் என்று விதி மாறியது. அதற்கு முந்தைய பதிவுகளில் இருந்து ஃபேஸ்-ஆஃப் நுட்பம் கற்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிக்கையில் மிகுந்த இடம் பெறவேண்டியது எதிரணியின் தற்காப்பு, அதிலும் குறிப்பாக அதன் ஸ்லைடு. பந்து வைத்திருப்பவர் தன்னை மறிப்பவரைத் தாண்டிவிட்டால், வேறொரு தற்காப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி வருவதுதான் ஸ்லைடு. அவர் விட்டுவந்த ஆளை மூன்றாமவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், மூன்றாமவர் விட்டதை நான்காமவர். லக்ரோஸ் தற்காப்பின் முழு ஒழுங்கும் இந்தச் சங்கிலியில் இருக்கிறது. பிரின்ஸ்டனில் ஆறு தேசியப் பட்டங்களும் பின்னர் டென்வரில் ஏழாவதும் பெற்ற பில் டியர்னியின் அணிகள் பெயர்பெற்றது இந்தச் சங்கிலி அறுபடாமல் சுழன்று மீண்டும் தன் இடத்துக்கு வந்து சேர்வதற்காகத்தான். எதிரணியைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாக்குதலுக்கும் விடை குறியுங்கள். முதல் உதவி கிரீஸுக்கு, அதாவது கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு, முன்னால் நிற்பவரிடமிருந்து வருகிறதா, பக்கத்தில் நிற்பவரிடமிருந்தா? தாக்குபவர் தோளைத் தாழ்த்திய உடனே வருகிறதா, முழுவதும் தாண்டப்பட்ட பிறகா? இரண்டாவது ஆள் நேரத்துக்கு வந்து சேர்கிறாரா? உதவிக்கு வரவே மனமில்லாமல் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பவர் யார்?

இந்த விடைகளில் இருந்து உங்கள் தாக்குதல் திட்டம் நேரடியாகப் பிறக்கிறது. சீக்கிரம் ஸ்லைடு செய்யும் அணிக்கு எதிராகத் தாக்குபவர் கோல் அடிக்க முயலவே கூடாது. உதவியைத் தன்பால் இழுத்து, ஒரு பாஸ் கொடுத்து, பெற்றவர் உடனே மற்றொரு பாஸ் கொடுக்க வேண்டும், ஏனென்றால் முதல் பாஸுக்கு எதிரணி சுழன்று வந்துவிடும், இரண்டாவதற்குத்தான் தாமதமாகும். தாமதமாக ஸ்லைடு செய்யும் அணிக்கு எதிராகவோ, குட்டைமட்டைத் தற்காப்பாளர்மேல் உங்கள் வேகமான நடுக்கள வீரரை ஏவி, அவரே கோலை நோக்கி எறியட்டும் என்று விட்டுவிடலாம். கிரீஸில் இருந்து உதவி வருமானால் அங்கே நிற்கும் உங்கள் தாக்குதல் வீரரை அசையவைத்து, அவருடைய காவலர் பந்தைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று திணறும்படி செய்யுங்கள். காணொளியின் ஒலியையும் அணைத்துவிடாதீர்கள். கோல்காப்பாளர் கத்தும் சொற்களும், தற்காப்பாளர்கள் யார் முதலில் உதவுவது என்று தமக்குள் அறிவித்துக்கொள்வதும் பல பதிவுகளில் தெளிவாகக் கேட்கும். பேச்சு நின்றுபோகும் அணியில் சங்கிலி அறுபடப் போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

தன் அணி வீரரைத் துரத்தும் காவலரின் வழியில் ஒருவர் அசையாமல் நின்று தடுக்கும் மறிப்பை, அதாவது பிக் ஆட்டத்தை, எதிரணி எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் இதே கவனத்தோடு பாருங்கள். ஆளை மாற்றிக்கொள்கிறார்களா, அல்லது மறிப்பைச் சுற்றிப் போய்த் தன் ஆளையே பிடிக்கிறார்களா? மாற்றிக்கொள்ளும் அணி என்றால், உங்கள் சிறந்த தாக்குதல் வீரருக்கு, குட்டைமட்டைக் காவலர் காக்கும் ஒரு வீரர் மறிப்பு கொடுக்கட்டும். நீளமட்டைக் காவலர் விலகி, குட்டைமட்டைக் காவலர் அவர்முன் வந்து நிற்பார். நீங்கள் தேடியது அதுவே.

எதிரணியின் தாக்குதலை ஆராய்வது ஒப்பீட்டளவில் எளிது, ஆனால் அங்கே விரயமும் அதிகம். பலர் அவர்களுடைய எல்லா அமைப்புகளையும், 2-2-2 என்றும் 1-4-1 என்றும், படம் வரைந்து பக்கங்களை நிரப்புகிறார்கள். வீரர்களுக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறியது: ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் யார், அவர் கோலுக்குப் பின்னால் இருந்து வருகிறாரா மேலிருந்து வருகிறாரா, எந்தக் கையில் முடிக்கிறார், நெருக்கினால் பந்தைக் கொடுத்துவிடுபவரா கீழே போடுபவரா. லக்ரோஸில் கோலுக்குப் பின்னாலும் ஆடுகளம் நீள்வதால், அங்கிருந்து தாக்குதல் வரும்போது தற்காப்பாளர்கள் பந்தைப் பார்க்கத் திரும்பித் தங்கள் ஆளை மறந்துவிடுகிறார்கள்; குட்டைமட்டைக் காவலர் மறிக்கும் நடுக்கள வீரரை வேண்டுமென்றே பின்னால் அனுப்பும் அணியா என்பதை அறிந்துவைத்திருப்பது மிகவும் பயன்தரும்.

பாக்ஸ் லக்ரோஸில் வளர்ந்த வீரர்கள் எதிரணியில் இருந்தால் அவர்களுக்கென்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். 1930-களில் கனடாவின் பனிஹாக்கி அரங்குகளில் உருவான அந்த வடிவத்தில் கோல் மிகச் சிறியது, இடம் குறுகியது. அதில் பழகியவர்கள் ஒரே கையை நம்பி, மறிப்பைப் பயன்படுத்தி, நெருக்கத்தில் ஏமாற்றிக் கோல் அடிப்பதில் தேர்ந்தவர்கள். இந்த ஆட்டத்தை உலகுக்குத் தந்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹௌடெனோசோனி மக்களின் வீரர்களிலும் கனடிய வீரர்களிலும் இந்தத் திறன் ஊறிப்போயிருக்கிறது. திறந்த களத்தில் மட்டுமே ஆடிய தற்காப்பாளர், பாக்ஸ் வீரர் மறுகைக்கு மாற்றுவார் என்று காத்திருந்து ஏமாறுவார், அவர் மாற்றமாட்டார். அவர் விரும்பும் கைப்பக்கத்தை முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

கோல்காப்பாளரைப் பற்றிய குறிப்பு ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் அவை சரியாக இருக்க வேண்டும். தடுப்பு விழுக்காடு தனியாக ஏமாற்றும், ஏனென்றால் நல்ல தற்காப்பு கோணம் குறைந்த எறிதல்களையே அனுமதித்துக் காப்பாளரின் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். ஆறடிக்கு ஆறடிக் கோலின் படம் ஒன்றை வரைந்து, பன்னிரண்டு கெஜத்துக்குள் இருந்து வந்த எறிதல்களில் எங்கே கோல் விழுந்தது என்று புள்ளியிடுங்கள். மட்டை இல்லாத பக்க இடுப்புதான் பலருக்கும் கடினமான இடம். சிலர் எறிவதற்கு முன்பே மட்டையைத் தாழ்த்திவிடுவார்கள், அவர்களுக்கு எதிராக மேலே எறிய வேண்டும். தடுத்த பிறகு கிரீஸுக்குள் பந்தோடு நான்கு நொடிக்கு மேல் அவர் இருக்க முடியாது என்பதால், அந்த நான்கு நொடியில் எந்தப் பக்கம் பார்த்து முதல் பாஸ் கொடுக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டால், உங்கள் தாக்குதல் வீரர்கள் அங்கேயே வழிமறிக்கலாம்.

இது பந்தை மேலேற்றுவதையும் அதைத் தடுப்பதையும் பற்றிய பேச்சுக்குக் கொண்டுவருகிறது. பள்ளி மட்டத்தில் அதிகம் புறக்கணிக்கப்படும் பகுதி இதுவே. நிலைகொண்ட தற்காப்புக்கு எதிராக அரும்பாடுபட்டு ஒரு கோல் அடிக்கும் அணிகூட, எதிரணி மேலேற்றும்போது தவறவிட்ட பந்திலிருந்து எளிதாக இரண்டு அடித்துவிடும். எதிரணியின் தற்காப்பாளர்களில் பந்தைப் பிடிக்கத் தயங்குபவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் ஒருவரை மட்டும் வேண்டுமென்றே திறந்துவிட்டு, பாஸ் அவரிடம் போனதும் இருவர் பாய்வது எளிய திட்டம். எதிரணி பத்துப் பேரையும் கொண்டு, கோல்காப்பாளரையும் வெளியே இழுத்து, ஆளுக்கு ஆள் நெருக்கும் வழக்கம் உடையதா என்றும் பாருங்கள். அப்படியானால் அவர்களுடைய கோல் காலியாக இருக்கும் நொடிகள் உண்டு, அதற்கு உங்கள் காப்பாளர் நீளமாக எறிந்து பழக வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் 2019 முதல் 80 நொடி எறிகடிகாரம் (அந்த நேரத்துக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற வரம்பு) வந்த பின், மேலேற்றுவதில் வீணாகும் ஒவ்வொரு நொடியும் தாக்குதலில் இருந்து கழிந்துபோகிறது. உங்கள் லீகில் கடிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதற்கேற்ப இந்தப் பகுதியின் எடை மாறும்.

ஆள்மிகை ஆட்டம், அதாவது தண்டனையால் ஒருவர் வெளியேறி ஆறுக்கு ஐந்தாக ஆடும் நேரம், மனப்பாடம் செய்த ஆட்டம். பெரும்பாலான அணிகளிடம் இரண்டோ மூன்றோ ஏற்பாடுகள்தான் இருக்கும், முதல் மூன்று பாஸ்களும் மாறாமல் வரும். ஆகவே, இங்கே மட்டும் துல்லியமான படத்தை வரைந்து உங்கள் ஐவருக்குக் கொடுங்கள். கடைசிப் பாஸ் யாருக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் அவர்கள் முன்கூட்டியே நகரலாம்.

இவ்வளவையும் கண்டபின் வருவதுதான் கடினமான வேலை: குறைப்பது. உங்கள் கோப்பில் இருபது பக்கம் இருக்கலாம், வீரர்களுக்குப் போவது ஒரே பக்கமாக இருக்கட்டும். அதையும் எல்லாருக்கும் ஒரேபோலக் கொடுக்காதீர்கள். நெருங்கிய தற்காப்பாளருக்கு அவர் மறிக்கப்போகும் ஆளைப் பற்றிய இரண்டு வாக்கியமும் ஸ்லைடு எங்கிருந்து வரும் என்பதும் போதும். ஃபேஸ்-ஆஃப் வீரருக்கு எதிராளியின் ஐந்தாறு வெட்டுக்காட்சிகள் போதும். அணி முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது மூன்று செய்திகளுக்கு மேல் போகக் கூடாது. காணொளியைக் கூட்டாகப் பார்க்கும் அமர்வு கால் மணி நேரத்தைத் தாண்டினால் பின்வரிசைகளின் கவனம் போய்விடும். சொல்லும் விதத்திலும் கவனம் தேவை: “அவன் இடது கைக்காரன்” என்பது தகவல், “அவனை வலதுபக்கம் தள்ளு, உதவி அங்கிருந்து வரும்” என்பதுதான் உங்கள் வீரர் செய்யக்கூடிய காரியம். எதிரணியின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போகும் அறிக்கை தன் வீரர்களை அச்சுறுத்துவதைத் தவிர எதையும் சாதிப்பதில்லை என்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாரத்தைப் பங்கிடும்போது, பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி உங்கள் சொந்த ஆட்டத்துக்கே போக வேண்டும். தரையில் உருளும் பந்தை அள்ளத் தெரியாத அணிக்கு எந்த ஆய்வும் உதவாது. சனிக்கிழமை போட்டி என்றால், திங்களன்று முந்தைய ஆட்டத்தின் திருத்தங்கள் மட்டும். செவ்வாயன்று எதிரணியின் தற்காப்புக்கு எதிரான உங்கள் தாக்குதல். புதனன்று அவர்களுடைய தாக்குதல், ஃபேஸ்-ஆஃப். இந்த இரு நாட்களிலும் மாற்று வீரர்கள் எதிரணியாக நடித்து ஆட வேண்டும். அவர்களுக்கு இது தண்டனை வேலையாகத் தோன்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எதிரணியின் சிறந்த வீரராக நடிக்கும் சிறுவன் அந்த வாரத்தில் தன் அணிக்குச் செய்யும் உதவி பெரியது, அதை எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். வியாழனன்று ஆள்மிகை ஆட்டமும் மேலேற்றுதலும். வெள்ளியன்று புதிதாக எதையும் சேர்க்காமல், குறுகிய பயிற்சியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் சொல்லப்படும் புதுத் திட்டம் களத்தில் தயக்கமாகத்தான் வெளிவரும்.

ஒரே அணியை இரண்டாம் முறை சந்திப்பது தனிக் கலை. 2010-இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பையின் குழு ஆட்டத்தில் கனடா அமெரிக்காவை 10-9 என்று வென்றது. இறுதியில் அமெரிக்கா 12-10 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. 2014-இல் டென்வர் நகரை ஒட்டி நடந்த தொடரில் நேர்மாறு: தொடக்க ஆட்டத்தில் 10-7 என்று அமெரிக்கா வென்றது, இறுதியில் கனடா 8-5 என்று வென்றது. அந்த இறுதியாட்டம் ஆயத்தத்தைப் பற்றி எண்ணுகிற எவரும் பார்க்கவேண்டியது. எறிகடிகாரம் இல்லாத அந்தத் தொடரில், கனடியர்கள் பந்தை நீண்ட நேரம் தங்கள் வசமே வைத்திருந்து, உலகின் வேகமான தாக்குதலைப் பந்தே கிடைக்காமல் காக்கவைத்தார்கள். கெவின் குரோலி ஒருவரே ஐந்து கோல் அடித்தார், காப்பாளர் டிலன் வார்ட் தொடரின் மிகச்சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிரணியின் பலத்தைத் தடுக்கத் தனியாக ஒரு தற்காப்பைக் கட்டுவதற்குப் பதிலாக, அந்தப் பலம் வெளிப்படும் வாய்ப்புகளின் எண்ணிக்கையையே அவர்கள் குறைத்துவிட்டார்கள். தோற்ற அணிக்கு மாற்றவேண்டியது எது என்று தெரிகிறது. வென்ற அணியோ அதே திட்டத்தோடு திரும்பி வருவதற்கே ஆசைப்படுகிறது. நீங்கள் முதல்முறை வென்றிருந்தால், எதிரணிப் பயிற்சியாளரின் இடத்தில் அமர்ந்து உங்கள் ஆட்டத்தையே ஒருமுறை ஆராய்ந்து, அவர் எதை அடைப்பார் என்று எழுதிப் பாருங்கள்.

நேரமே இல்லாத சூழலுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். என்சிஏஏ முதல் பிரிவு ஆண்கள் தொடரின் அரையிறுதிகள் சனிக்கிழமையும் இறுதி திங்கட்கிழமையும் நடப்பதால், இடையில் இருப்பது ஒரே நாள். ஆகவே உதவிப் பயிற்சியாளர்கள் எதிரில் வரக்கூடிய இரண்டு அணிகளையும் முன்கூட்டியே பிரித்துக்கொண்டு ஆராய்ந்து வைத்திருப்பார்கள். வாரயிறுதிக் கிளப் தொடர்களில் உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம்தான். அப்போது மூன்றே கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: ஃபேஸ்-ஆஃப் எந்தப் பக்கம் வெளியேறுகிறது, முதல் ஸ்லைடு எங்கிருந்து வருகிறது, அவர்களுடைய சிறந்த வீரர் எந்தக் கைக்காரர். அடுத்த எதிரணியின் ஆட்டத்தில் பாதியைப் பார்த்தாலே இவை மூன்றும் கிடைத்துவிடும்.

பெண்கள் ஆட்டத்துக்குப் பயிற்சி அளிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: அங்கே ஃபேஸ்-ஆஃபின் இடத்தில் டிரா இருக்கிறது, பந்து மேலெழுந்து விழும் இடத்தை நடுவட்டத்தைச் சுற்றி நிற்கும் மற்றவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும், எட்டு மீட்டர் வளைவில் கிடைக்கும் தனி எறிதலை எந்த வீராங்கனை எந்தப் பக்கமாக ஓடி எடுக்கிறார் என்பதற்கும் தனிப் பட்டியல் தேவை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்ட சிக்ஸஸ் வடிவமோ ஆய்வின் எடையையே மாற்றிவிடுகிறது. ஆறு பேர், சிறிய களம், 30 நொடி எறிகடிகாரம், நீளமட்டைகள் இல்லை. கோலுக்குப் பின் ஃபேஸ்-ஆஃபும் இல்லை, காப்பாளர் உடனே பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்கிறார். அங்கே எதிரணியின் அமைப்புகளைவிட, கோல் அடித்த மறுநொடியில் யார் திரும்பி ஓடாமல் நிற்கிறார் என்பதே மதிப்புமிக்க தகவல்.

கடைசியாக, ஆட்டம் தொடங்கியபின் அறிக்கையை நம்பிக்கொண்டே இருக்காதீர்கள். பெஞ்சில் ஒருவரை அமர்த்தி, முதல் கால்பகுதியில் எதிரணியின் முதல் ஸ்லைடு எங்கிருந்து வந்தது, யார் யாரை மறிக்கிறார்கள் என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் இருப்பதோடு அது பொருந்தவில்லை என்றால், எதிரணியும் உங்களை ஆராய்ந்திருக்கிறது என்று பொருள், திட்டத்தை அங்கேயே மாற்றுங்கள். போட்டி முடிந்த மறுநாள் அந்தக் குறிப்பையும் அறிக்கையையும் அருகருகே வைத்து, எந்த வரி களத்தில் பயன்பட்டது, எந்த வரியை ஒரு வீரரும் நினைவுகூரவில்லை என்று அவர்களிடமே கேட்டுக் கோடிட்டு, அந்தத் தாளைத் தேதியோடு கோப்பில் வையுங்கள். அடுத்த பருவத்தில் அதே அணியைச் சந்திக்கும்போது பதிவுகளைத் திறப்பதற்கு முன் நீங்கள் எடுக்கவேண்டியது அந்தத் தாளைத்தான்.